கத்தரிக்கோல் அக்கா

அந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்காருவதற்கு முன்னால் நான் என் உடுப்பை ஒரு தடவை உதறிப் பார்த்துக்கொள்வேன். தோளில், கையோரத்தில், சட்டைப் பொத்தானில் எங்கேயாவது நூல் நீட்டிக்கொண்டிருந்தால் நானே எடுத்துவிடுவேன். இல்லாவிட்டால் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அவருடைய கை வந்துவிடும். கண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாய் என் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கும். கை மட்டும் தன்பாட்டுக்குப் புறப்பட்டு வந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, டக்கென்று ஒரு கிள்ளுக் கிள்ளிவிட்டுத் திரும்பிப் போகும். போகிற வழியில் எதைக் கிள்ளினோம் என்று அவர் பார்ப்பதுகூட இல்லை.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது, என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். வகுப்பில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் போதும். கத்தரிக்கோல் அக்கா.

ஹட்டனில் பஸ் நிலையத்துக்கு மேலே ஏறிப் போனால் தகரக் கூரை போட்ட பழைய மண்டபம் ஒன்று இருந்தது. அங்கேதான் எங்கள் நெசவு, பின்னல் பயிற்சி வகுப்பு. ஒரு வருடப் படிப்பு. முதல் பாதி தறி, அடுத்த பாதி ஊசி. கடைசியில் வெளியிலிருந்து ஆட்கள் வந்து பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருவார்கள். நான் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல்.லில் வழுக்கி விழுந்தவள். வீட்டில் சும்மா இருந்தால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என் மாதிரிதான். கத்தரிக்கோல் அக்கா மட்டும் எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து மலையில் கொழுந்து பறித்தவர். ஒரு கல்யாணம் நடந்து, அது ஒட்டாமல் போய், அம்மாவோடு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தார்.

முதல் நாளே அவர் வேலையைக் காட்டிவிட்டார்.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூலுக்குப் பாவு என்று பெயர். பழைய பாவு முடிந்ததும் அதன் ஒவ்வொரு நுனியிலும் புதுப் பாவின் நுனியை முடிச்சுப் போட்டு இணைப்பார்கள். அந்த வேலையை என் எதிரிக்குக்கூடக் கொடுக்க மாட்டேன். நூற்றுக்கணக்கில் முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் மீசை மாதிரி இரண்டு நுனி நீட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் மிஸ் அப்படி ஒரு தறியைப் பல நாளாக முடிச்சுப் போட்டுத் தயார் செய்து வைத்திருந்தார். சிங்களத்துப் பெண், தமிழ் ஓரளவு பேசுவார், எங்கள் மேல் நல்ல பிரியம். "இத பாத்துக்கிட்டு இருங்க, தொட வேணாம், நான் இப்ப வாறேன்" என்று சொல்லிவிட்டு டெலிபோன் பேச வெளியே போனார்.

நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அக்காவும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவருடைய கைகள் இரண்டும் எப்போது தறிக்குள் போயின என்று யாரும் கவனிக்கவில்லை. மலையில் ஓர் ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசையை நிரை என்பார்கள். ஒரு நிரையைப் பிடித்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போவது மாதிரி, டக் டக் டக்கென்று அந்த மீசை நுனிகளை முடிச்சோடு ஒட்டக் கிள்ளிக்கொண்டு போய்விட்டார். மிஸ் திரும்பி வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தறியின் பலகையை ஒரு இழுப்பு இழுத்தார். பிடிப்பில்லாத முடிச்சுகள் சரசரவென்று கழன்று, பாதிப் பாவு தொய்ந்து தரையில் விழுந்தது.

"அனே! அத தியன்ன எப்பா!" என்று மிஸ் கத்தினார். கை வைக்காதே என்று அர்த்தம். ஆனால் கை வைத்து முடிந்துவிட்டது.

அக்கா தன் உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளை நூல் துணுக்குகள் ஒரு பிடி இருந்தன. தோளுக்குப் பின்னால் கூடை இருக்கும் என்ற நினைப்பில் அவர் கை பாதி தூக்கியே நின்றது. அதைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் மிஸ்கூடக் கோபத்தை விட்டுவிட்டார். பட்டப்பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அன்று இடைவேளையில் தேத்தண்ணி குடிக்கும்போது நான் நேராகவே கேட்டேன்.

"ஏங்க்கா, தொட வேணாம்னு மிஸ் சொன்னது காதுல விழலியா?"

"விழுந்துச்சு தங்கச்சி. எனக்கு விழுந்துச்சு, கைக்கு விழல."

மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுத்து என் மடியில் இருந்த துணிமேல் படுக்க வைத்தார். "இந்தா, இது மட்டக்கம்புன்னு வச்சுக்க. செடிமேல இப்பிடி வைப்போம். இதுக்கு மேல எது தலைய நீட்டுதோ அத கிள்ளிறணும். கீழ இருக்கறத தொடக்கூடாது. அவ்வளவுதான் வேல. நின்னு யோசிச்சா கிலோ வராது. கண்ணு பாக்குறதுக்கு முன்னாடி கை போயிரணும். அப்பிடியே பழகிப்போச்சு."

"இங்க யாரு கிலோ கேக்குறாங்க?"

"கை கேக்குதே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வேறு குரலில் பேசினார். "இவ்வளவு வருசமும் எடுத்துக்கிட்டே இருந்த கை தங்கச்சி இது. கிள்ளிக் கிள்ளிக் கூடையில போட்டேன். லொறி வந்துச்சு, கொண்டு போயிருச்சு. மறுபடி தளிர் வந்துச்சு, மறுபடி கிள்ளினேன். இந்தக் கை சேர்த்து வச்சுச் செஞ்சதுன்னு காட்ட ஒரு சாமான் கிடையாது. ஒன்னாச்சும் செய்யணும். ஒன்ன ஆரம்பிச்சு, கிள்ளாம, முழுசா முடிக்கணும். அதுக்குத்தான் வந்தேன். அம்மா ஒரு வருசம் பாப்பேன்னுருச்சு. ஒன்னும் சரிவரலைன்னா காலையில பெரட்டுக்குப் போயி திரும்பப் பேர் குடுக்கணும்." தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பெரட்டு என்பார்கள்.

அவ்வளவு தெளிவாக எதற்கு வந்தோம் என்று எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் சொல்லத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, அதற்குப் பிறகு அவர் செய்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவருக்கு உட்காரவே தெரியாது. தறிக்கு முன்னால் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து ஜன்னலுக்குப் போவார், மழை விட்டதா என்று பார்ப்பார், வருவார், மறுபடி போவார். மழை விடாது என்பது ஹட்டனில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தறியை அவர் அடித்த அடி இருக்கிறதே, மண்டபத்தின் தகரம் அதிரும். ஒரு நூலைக் குறுக்கே ஓட்டிவிட்டுப் பலகையால் ஒரு தட்டு மெதுவாகத் தட்டினால் போதும். அவர் இரண்டு மூன்று தட்டு, அதுவும் யார்மேலோ கோபம் மாதிரி. முகம் துடைக்கும் துவாய் நெய்யச் சொன்னால் சாக்கு மாதிரி விறைத்து வரும். "இத இடுப்புல கட்டிக்கிட்டுக் கொழுந்துக்குப் போகலாம்" என்று மிஸ்ஸே ஒருநாள் சொல்லிவிட்டார். மலையில் செடி குத்தாமல் இருக்க இடுப்பில் சாக்குக் கட்டுவார்கள், அதைச் சொன்னார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தத் துவாயை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், யாருக்கும் காட்டவில்லை.

மஸ்கெலியா பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வந்து போவோம். எனக்கு பஸ் ஏறினால் முதல் வளைவிலேயே தூக்கம் வந்துவிடும். தலை பக்கத்து ஆளின் தோளில் விழும், வாய் திறந்துகொள்ளும். அக்கா தூங்கி நான் பார்த்ததே இல்லை. இடம் இருந்தாலும் பாதி வழி நின்றுகொண்டே வருவார். உட்கார்ந்தால் இன்னும் மோசம். முன் சீட்டின் கிழிசலிலிருந்து ஸ்பொஞ்சைக் கிள்ளுவார். முன்னால் இருக்கிற பெண்ணின் சால்வைக் குஞ்சத்தில் ஒன்று நீளமாகத் தொங்கினால் போச்சு. ஒரு தடவை நான் நல்ல தூக்கத்தில் இருக்கும்போது என் கன்னத்தில் சுருக்கென்றது. விழித்துப் பார்த்தால் அக்கா.

"என்னக்கா?"

"முடி ஒன்னு நீட்டிக்கிட்டு இருந்துச்சு புள்ள."

மச்சத்தில் முளைத்திருந்த முடி அது. அம்மா அதை அதிர்ஷ்டம் என்று வெட்டவிடாமல் வைத்திருந்தார். அந்த வருடம் வகுப்புப் பரீட்சையில் பாஸாகிவிட்டேன் என்பதால் விட்டுவிட்டேன், இல்லையென்றால் அவரைத்தான் குற்றம் சொல்லியிருப்பேன்.

பின்னல் ஆரம்பித்த பிறகுதான் நிலைமை உண்மையாகவே மோசமானது. தறியிலாவது துணி இறுக்கமாக இருக்கும், ஒரு நூல் போனால் ஒரு நூல்தான். கம்பளிப் பின்னல் அப்படியில்லை. ஒவ்வொரு கண்ணியும் கீழேயிருக்கிற கண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒன்றைக் கிள்ளினால் அதன் கீழ் உள்ளது விடும், அடுத்தது விடும், ஏணி மாதிரி அடிவரைக்கும் ஓடும். அக்கா ஒரு குழந்தைத் தொப்பி பின்னுவார். கொஞ்சம் உயர்ந்ததும் எங்கேயாவது ஒரு கண்ணி லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். கை போகும். டக். அன்றைய வேலை முழுக்கப் போய்விடும். அவர் சத்தம் போட மாட்டார், அழ மாட்டார். கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து கண்ணி கண்ணியாக மேலே ஏற்றிக்கொண்டு வருவார். பாதி ஏற்றும்போது எழுந்து ஜன்னலுக்குப் போவார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். கொழுந்து பறிக்கிறவர்கள் விரல் வெட்டுப்படாமல் பிளாஸ்டர் சுற்றுவார்கள். அதே பிளாஸ்டரை வலதுகைக் கட்டைவிரல் நகத்தை மூடிச் சுற்றிக்கொண்டு வந்தார். ஊசியைக் கீழே வைக்கும் நேரமெல்லாம் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். மிஸ் பேசும்போது, நாங்கள் பேசும்போது, தேத்தண்ணி குடிக்கும்போதுகூட இடதுகையால் குடித்துக்கொண்டு வலதுகைமேல் உட்கார்ந்திருப்பார். ஏதோ கோழி அடைகாக்கிற மாதிரி இருக்கும். வகுப்பே சிரிக்கும். அவர் கவலைப்படவில்லை. அந்தத் தொப்பி முடிந்தது.

சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். என் சால்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

வருடக் கடைசியில் கண்காட்சி இருந்தது. நான் மெல்லிய சாம்பல் கம்பளியில் ஒரு சால்வை பின்னினேன். தட்டையான பின்னலில் அங்கங்கே மொட்டு மொட்டாக எழும்பி நிற்கும் வேலைப்பாடு. ஆசை ஆசையாகச் செய்தேன், என் வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்ததில்லை. பாதி வேலையிலேயே அக்காவிடம் சொல்லிவிட்டேன். "இந்தப் பக்கமே வராதீங்க. தூர நின்னு பாருங்க. இது உங்களுக்கு ஆகாது." அவரும் ஒப்புக்கொண்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஐயோ, பூத்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்.

முடித்து மேசையில் விரித்து வைத்த அன்றைக்கு நான் கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது அக்கா மேசையின் அருகில் நின்றார். பிளாஸ்டர் மழையில் நனைந்து கழன்று விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்களுக்கு நடுவில் ஒரு சாம்பல் நிற மொட்டு.

"தேயிலைச் செடியா இது? தேயிலைச் செடியாங்க்கா?" என்று நான் போட்ட சத்தம் கீழே பஸ் நிலையம்வரை கேட்டிருக்கும். "உங்களுக்கெல்லாம் எதுக்கு இந்த வேல? போங்க, மலைக்கே போங்க!"

இன்று நினைத்துப் பார்த்தாலும் அந்தக் கோபம் சரி என்றுதான் சொல்வேன். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து செய்த வேலை அது. அக்காவும் அது சரி என்றுதான் நினைத்தார். சால்வையைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு பஸ்ஸில் நான் முன்னால் உட்கார்ந்தேன், அவர் பின்னால் நின்றார். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்து சால்வையை என் மேசையில் வைத்தார். கண் சிவந்திருந்தது.

விரித்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எந்த மொட்டு போன மொட்டு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எந்த மொட்டு அக்கா?"

"சொல்ல மாட்டேன். சொன்னா நீ அதையே பாத்துக்கிட்டு இருப்ப."

"எப்பிடிச் செஞ்சீங்க?"

"நெதம் நான் அறுத்துக்கிட்டதத்தானே நெதம் கட்டிக்கிட்டு இருந்தேன். வேற என்ன தெரியும் எனக்கு?" என்றவர், கொஞ்சம் நின்று, "மலைக்குப் போன்னு மட்டும் இனிமே சொல்லாத தங்கச்சி. வேற எத வேணும்னாலும் சொல்லு" என்றார்.

நான் சொல்லவில்லை அதற்குப் பிறகு.

பரீட்சையில் அவர் தப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நெசவில் கரையேறினார், பின்னலில் நல்ல மார்க். புதுப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு, ஊசியைக் கீழே வைத்த நேரமெல்லாம் கைமேல் உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஒரு குழந்தைச் சுவெட்டரை முடித்தார். பரீட்சைக்கு வந்த அம்மாள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று மிஸ்ஸிடம் கேட்டாராம். அந்தச் சான்றிதழோடு கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு பின்னலாடைக் கார்மென்ட்ஸில் வேலை கிடைத்துப் போனார். அவருடைய அம்மா பெரட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். எனக்கு நுவரெலியாவில் ஒரு சுவெட்டர்க் கடையில் பின்னிக் கொடுக்கும் வேலை கிடைத்தது.

போய்க் கொஞ்ச நாளில் அக்கா எனக்கு டெலிபோன் எடுத்தார்.

"தங்கச்சி, இங்கயும் கொழுந்துதான்."

எனக்குப் புரியவில்லை.

"செஞ்சு முடிச்ச உடுப்பெல்லாம் ஒரு மேசைக்கு வரும். எங்க எங்க நூலு நீட்டிக்கிட்டு இருக்கோ அத வெட்டி விடணும். அங்கதான் என்னைய போட்டிருக்காங்க. சின்னக் கத்தரி ஒன்னு குடுத்தாங்க. எனக்கு எதுக்கு கத்தரி? ஒருத்தி ஒன்ன எடுக்குறதுக்குள்ள நான் மூனு உடுப்ப முடிச்சிருவேன். சூப்பர்வைசர் நோனா மத்தப் புள்ளைகளக் கூப்பிட்டு என் கையக் காட்டுறாங்க, இப்பிடி செய்யணும்னு."

"நல்லதுதானேக்கா. பேர் எடுத்திருக்கீங்க."

"நல்லதா?" குரல் உயர்ந்துவிட்டது. "மழை இல்ல, அட்டை கடிக்கல, அவ்வளவுதான். இதுக்கா அந்த ஒரு வருசம் கைமேல குந்திக்கிட்டுக் கெடந்தேன்? பின்னுற மெஷின் பக்கம் மாத்துங்கன்னு கேட்டேன். உன்ன மாதிரி வேகமான ஆள நாங்க எப்பிடி விடுறதுங்குறாங்க."

அவருக்குத் திறமை எங்கே இருந்ததோ அங்கேயே அவரைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். மெதுவாகக் கிள்ளியிருந்தால் எப்போதோ மாற்றியிருப்பார்கள். அப்படிச் செய்யச் சொன்னேன்.

"மெதுவா கிள்ளத் தெரியலியே புள்ள" என்றார்.

விடாமல் கேட்டிருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறார். கடைசியில் அந்தச் சூப்பர்வைசர் அம்மாள், சரி, நீயே செய்த சாமான் ஒன்றை முழுசாகக் கொண்டுவந்து காட்டு, பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். தங்கியிருந்த போர்டிங் அறையில் பாதி, தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வந்து மீதி என்று அக்கா தனக்கே ஒரு சுவெட்டர் பின்னினார்.

லீவு முடிந்து எல்லோரும் கொழும்புக்குத் திரும்புகிற காலையில் ஹட்டன் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஒரே சனம். பலகாரப் பையும் தோளில் தூங்கும் பிள்ளையுமாக ஆட்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். நான் நுவரெலியா பஸ்ஸுக்கு வந்திருந்தேன். அக்கா அந்தச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றார். செங்கல் நிறம். "பச்ச மட்டும் வேணாம்னுட்டேன்" என்றார். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இறுக்கமும் இல்லை, தொய்வும் இல்லை. கழுத்து ஓரம் அழகாகத் திரும்பியிருந்தது. இவரா செய்தார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, அதைச் சொல்லவும் சொன்னேன்.

அப்போதுதான் இடது தோளில் அதைப் பார்த்தேன். ஒரு கண்ணி, சிறிதாக, வளையமாக, மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால் என் கைதான் போனது. அவரோடு பழகிய பழக்கம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். அது இருக்கட்டும்."

"கிள்ளல அக்கா, ஊசியால உள்ள இழுத்து விடலாம். என் பையில ஊசி இருக்கு. ஒரு நிமிசம் போதும்."

"எங்கிட்டயும் இருக்கு. நான்தான் வேணும்னு விட்டு வச்சிருக்கேன்." சுற்றிப் பார்த்துவிட்டு என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார். பிளாஸ்டர் இல்லாத கட்டைவிரலைக் காட்டினார். "பிளாஸ்டர் போட்டு, கைமேல குந்தி, இப்பிடியே எவ்வளவு நாளைக்கு? மெஷின்கிட்ட போனா அங்க பூரா கண்ணிதான். இந்தா, இது என் தோள்ல இருக்கு. கொழும்பு போற வரைக்கும் என் கண்ணுக்கு முன்னாடியே இருக்கும். கிள்ளாம போய்ச் சேர்ந்தேன்னா வாசல்ல நின்னு ஊசியால இழுத்துவிட்டுட்டு உள்ள போயி காட்டுவேன்."

"கிள்ளிட்டீங்கன்னா?"

"கிள்ளிட்டா ஏணி ஓடிரும். அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துருவேன். அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். வந்து பேர் குடுத்துருவேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "பைத்தியமாக்கா உங்களுக்கு? யாரும் இப்பிடி ஒரு பந்தயம் வைக்கச் சொல்லலியே. இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சத ஒரு கிள்ளுக்குப் பணயம் வைப்பாங்களா?"

"வச்சுத்தான் பாக்கணும் தங்கச்சி. இல்லாட்டி எனக்கு எப்பிடித் தெரியும்?"

கொழும்பு பஸ் வந்துவிட்டது. முட்டி மோதி ஏறி ஜன்னலோரத்தில் இடம் பிடித்துவிட்டார். வெளியே நின்று பார்த்தேன். வலதுகை முன் சீட்டின் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தொடைக்கு அடியில் அவர் அதைக் கொடுக்கவில்லை. இடது தோளுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு முழ தூரம்கூட இல்லை. பஸ் புறப்படும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், கண் தோளைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது.

அன்று முழுக்க நான் வேலையே செய்யவில்லை. கடைக்கு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஒரு தொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததற்கு எரிந்து விழுந்தேன். இந்நேரம் வட்டவளை, இந்நேரம் கித்துல்கலை என்று மனதுக்குள் அந்த பஸ்ஸோடு போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கை எழும்பித் தோளுக்குப் போவதைப் பார்த்தேன். டக்கென்ற சத்தமும் கேட்டது. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அவருக்கு டெலிபோன் எடுத்தால் அது அணைந்து கிடந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் செங்கல் நிறச் சுவெட்டர் தெரிகிறதா என்று பார்க்க ஹட்டனுக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் சாயந்திரம்தான் அழைத்தார். எடுத்தவுடனேயே மூச்சு விடாமல் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மெஷின்ல ஒரு மாசம் வச்சுப் பாக்குறாங்களாம் தங்கச்சி! நோனா சுவெட்டரத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. கழுத்து எப்பிடிப் போட்டன்னு கேட்டாங்க. சொன்னேன். ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆளக் கூப்பிட்டுக் காட்டினாங்க. நாளைக்கே அந்தப் பக்கம் வரச் சொல்லிட்டாங்க. பகலுக்குச் சோறே எறங்கல. அம்மாகிட்ட சொன்னா அழுவுது."

எனக்கும் அழுகை வந்தது. கொஞ்சம் பேச விட்டுவிட்டுப் பிறகு கேட்டேன். "அப்ப நூல ஊசியால இழுத்து விட்டுட்டீங்களா?"

"எந்த நூலு?"

"என்னக்கா, எந்த நூலா? தோள்ல நின்ன கண்ணி! வாசல்ல நின்னு இழுக்கணும்னீங்களே!"

அந்தப் பக்கம் பை ஒன்றைத் திறக்கிற சரசரப்புக் கேட்டது. துணியை உதறுகிற சத்தம் கேட்டது.

"ஐயையோ" என்றார் அக்கா. "இருக்கு புள்ள. இங்கேயேதான் நிக்குது. அவங்களும் பாக்கல, நானும் மறந்தே போனேன்."

"அவ்வளவு தூரம் வந்தும் ஞாபகமே வரலியா?"

"எங்க ஞாபகம் வர்றது?" அவர் குரலில் வெட்கம் இருந்தது. "வட்டவளை தாண்டினதும் தூங்கிட்டேன் தங்கச்சி. கொழும்புல கண்டக்டர் வந்து தட்டித்தான் எழுப்பினாரு."